வத்தலக்குண்டுக்கு ஒரு ஆம்ப்

செருப்பை வெளியே விடச் சொல்கிறார்கள். கிட்டார் விற்கிற கடைக்கு என்ன ஆசாரம் வேண்டிக்கிடக்கிறது என்று வாய்வரை வருகிறது, கேட்கவில்லை, கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே கால் வைத்த பிறகுதான் தெரிகிறது, கீழே கம்பளம், அதுவும் ஈரக் கம்பளம், ஏசி ஒழுகி நனைந்ததோ எனக்கு முன்னால் வந்தவர்களின் பாத வியர்வையோ, இரண்டும் சேர்ந்த ஒரு சில்லிப்பு உள்ளங்காலில் ஒட்டுகிறது, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். அதற்கு மேலே மல்லிகை என்று யாரோ சத்தியம் பண்ணி விற்ற ரூம் ஸ்பிரே வேறு. ஜெசிந்தாக்காவுக்கு இதெல்லாம் மூக்கில் ஏறாது. எங்கள் இன்னிசைக் குழுவுக்கு முதலாளியும் அவர்தான், முதல் பாடகியும் அவர்தான், வேன் டிரைவர் வராத நாளில் வண்டி ஓட்டுகிறவரும் அவர்தான், திண்டுக்கல்லில் இருந்து மதுரை வரைக்கும் இன்றைக்கும் அவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். நேரே கடைசிச் சுவர் வரைக்கும் போய், அங்கே கறுப்பாக நிற்கிற, கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெரிய ஆம்ப் பக்கத்தில் நின்று, உள்ளங்கையால் தன் இடுப்பையும் அதன் தலையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கிறார். "திரவியம், இது எனக்கு இடுப்பு வரைக்கும் வருது. இதைவிட ஒசரமா இருக்கான்னு கேளேன்." ஆம்ப் வாங்க வந்தோமா பீரோ வாங்க வந்தோமா. "அக்கா, ஒசரத்துல ஒண்ணுமில்லக்கா. சின்னதா இருந்தாலும் முன்னாடி ஒரு மைக்க வச்சா சவுண்ட் செட்காரர் ஊர் பூராவும் கேக்க வச்சிருவாரு," என்கிறேன். "கேக்குறதுக்கு அது போதும்ப்பா. பாக்குறதுக்கு?" என்கிறார். அவர் சொல்வது சரி, எங்கள் தொழிலில் எப்போதும் அசிங்கமான யோசனைதான் சரியான யோசனையாக இருந்து தொலைக்கிறது.

பார்க்கத்தானே நாங்கள் இருக்கிறோம். சில வருஷமாக எல்லாமே லேப்டாப்பில் இருந்துதான் வருகிறது, தபேலா, வயலின், புல்லாங்குழல், என் கிட்டார், எல்லாம் எங்கேயோ ஒரு ஸ்டுடியோவில் யாரோ வாசித்து ட்ராக்காகப் போட்டு வைத்தது, பாடுகிறவர்களின் குரல் மட்டும்தான் மேடையில் நிஜம். மற்றவர்கள் பின்னால் வரிசையாக நின்று கையை ஆட்ட வேண்டும், முகத்தில் பாவம் காட்ட வேண்டும், அதற்குச் சம்பளம், அதற்குச் சாப்பாடு, அதற்குப் பொன்னாடை. நிலக்கோட்டைத் திருவிழாவில் என் மூக்கின்மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. சொறிந்தேன். கிட்டாரைத் தொட வேண்டிய கை மூக்கில் இருக்கிறது, கிட்டார் அது பாட்டுக்கு உருகி உருகி வாசித்துக்கொண்டிருக்கிறது, அதை முன்வரிசையில் ஒருவன் போனில் பிடித்துவிட்டான், மூக்கால் கிட்டார் வாசிக்கும் கலைமாமணி என்று தலைப்பு வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். எனக்கே பத்துப் பேர் அனுப்பினார்கள், என் மச்சினன் உட்பட, சிரிக்கிற பொம்மைகளோடு. வத்தலக்குண்டுக் கோயில் கமிட்டிக்காரர்களும் அதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியில் ஒரு பாட்டாவது நிஜமாக இருக்கணும், அந்தக் கிட்டார்காரர் முன்னாடி வந்து நின்னு வாசிக்கணும், ஜனங்க கிண்டல் பண்றாங்க. "முடியும்ல திரவியம்?" என்று அக்கா கேட்டார். "என்னக்கா இப்படிக் கேக்குறீங்க," என்றேன். ரோஷமாகத்தான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பயத்தால் இல்லை என்று நினைத்தேன், சந்தோஷத்தால் என்று நினைத்தேன், ஒரே ஒரு பாட்டு, அந்தப் பழைய சினிமாப் பாட்டின் நடுவில் வருகிற கிட்டார் பிட், அதை நான் வாசித்துவிட்டால் திரும்பவும் நான் கிட்டார் வாசிக்கிறவன், இல்லாவிட்டால் கிட்டார் மாட்டி நிற்கிற ஆள், அவ்வளவுதான் விஷயம், அதற்குத்தான் இந்த ஆம்ப்.

கடைக்காரர் பெயர் ரியாஸ், சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும், தாடியை அளவெடுத்து வெட்டியிருக்கிறார், கண்ணியமாகத்தான் பேசுகிறார், அதுவும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. "சார், கேட்டுப் பாருங்க," என்று அந்தப் பெரிய ஆம்பில் கடைக் கிட்டாரைச் செருகி வாசிக்கிறார். ஐயோ. விரல் எலி மாதிரி ஓடுகிறது. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, ஒரு ஸ்வரத்தில் கூட நிற்காமல், நின்றால் யாராவது பிடித்துவிடுவார்கள் என்பதுபோல. ஆம்பில் எக்கோவை நிறைய வைத்திருக்கிறார், ஒவ்வொரு சத்தத்துக்குப் பின்னாலும் அதன் பிசுக்கு இழுத்துக்கொண்டே வருகிறது, கல்யாண வீட்டில் ஜீராவில் ஊறி ஊறிக் கரைந்துபோன ஜாமூனை ஸ்பூனால் எடுக்கப் போனால் வருமே அப்படி. எனக்கு வாய் தித்திக்கிறது, குமட்டுகிறது. அக்கா கைதட்டுகிறார். "இதான்ப்பா! இதான் வேணும்!" ரியாஸ் தலையைக் குனிந்து சிரிக்கிறார், அதில் ஒரு துளி கர்வம்கூட இல்லை, இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன். நன்றாக வாசிக்கிறார் என்பது எனக்குத் தெரியாதா. தெரிகிறது. சுத்தமாக வாசிக்கிறார், கை கழுவின மாதிரி சுத்தம், அதில்தான் எதுவுமே இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், சொல்லிக்கொள்வது யார் என்றால் வருஷக்கணக்கில் ஒரு ஸ்வரம்கூட வெளியே கேட்கும்படி வாசிக்காதவன். பொறாமையை ரசனை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன், அது ஒரு தனி நாற்றம், ரூம் ஸ்பிரே அதை மறைக்காது. "நீங்க வாசிச்சுப் பாருங்க சார்," என்று வயரை என்னிடம் நீட்டுகிறார். வயரின் முனை அவர் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கிறது.

என் கிட்டாரைப் பையில் இருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, வயரைச் செருகி, கம்பியில் ஒரு இழுப்பு இழுக்கிறேன். சத்தமில்லை. இன்னொரு தடவை. இல்லை. ரியாஸ் முகம் மாறுகிறது, "சாரி சார், வயர் போயிருக்கும்," என்று வேறு வயர் கொண்டுவருகிறார். அதிலும் இல்லை. மண்டியிட்டு ஆம்புக்குப் பின்னால் கைவிட்டு எதையோ அழுத்திப் பார்க்கிறார், ஸ்விட்சை அணைத்துப் போடுகிறார், வேறு ஆம்பில் செருகச் சொல்கிறார், செருகுகிறேன், அதிலும் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்றால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, என்ன கடைங்க இது என்கிற மாதிரி அக்காவைப் பார்க்கிறேன். அந்த மனுஷன் நெற்றியில் வியர்வை. அப்போதுதான் என் சுண்டு விரல் கிட்டாரில் இருக்கிற வால்யூம் குமிழில் இடிக்கிறது, அது பூஜ்யத்தில் இருக்கிறது. பையில் இருந்து எடுத்துத் தோளில் மாட்டியதும் நானே திருப்பி வைத்திருக்கிறேன். மேடை ஏறியதும் முதல் வேலை அதுதானே எனக்கு, லேப்டாப்பில் ஓடுகிற கிட்டாரோடு என் கிட்டாரும் சேர்ந்து கேட்டுவிடக் கூடாது, அதனால் தோளில் வார் விழுந்ததும் விரல் தானாகப் போய்க் குமிழை அணைத்துவிடும், மேடையில் சரி, கடையிலுமா. ஆம்ப் பார்க்க வந்த இடத்தில் கிட்டாரை ஊமையாக்கிவிட்டு ஊர்ச் சாமான்களையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு நிற்கிறேன். ரியாஸும் பார்த்துவிட்டார், சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அந்த மரியாதை என்னைக் கன்னத்தில் அறைகிறது. அக்காதான் கடை அதிரச் சிரித்தார். "பாத்தீங்களா தம்பி, எங்காளுக்கு எவ்வளவு தொழில் பக்தின்னு!" நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது, தொண்டையில் சளியோடு.

குமிழைத் திருப்பினேன். பெரிய ஆம்பில் சத்தம் வந்தது, வந்தது என்றால் எப்படி, நான் ஒன்று தொட்டால் அது ஒன்பதாகப் பெருக்கிக் கொடுக்கிறது, தப்பாகத் தொட்டாலும் எக்கோ வந்து தப்பின்மேல் ஜமுக்காளம் விரித்துவிடுகிறது, விரல் தடுக்கினாலும் அது வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு மாதிரி கேட்கிறது. யார் தொட்டாலும் இதில் நன்றாகத்தான் இருக்கும், பூனை நடந்தாலும் நன்றாக இருக்கும். மூலையில் இன்னொன்று இருக்கிறது, சின்னது, மடியில் வைத்துக்கொள்ளலாம் அவ்வளவுதான், பழைய ரேடியோவில் இருக்குமே அந்த மாதிரி வால்வு போட்டது, சூடேற நேரம் எடுக்கும். "அது உங்களுக்குத் தேவைப்படாது சார்," என்கிறார் ரியாஸ். தேவைப்படாது என்றதும் போய் அதில் செருகுகிறேன். எக்கோ இல்லை, ஜிகினா இல்லை, மூன்றே குமிழ். மீட்டினேன். என் கை கேட்டது. வேறு எப்படிச் சொல்ல, கம்பியில் விரல் உரசுகிற கரகரப்பு, நகம் பட்டது, நகம் படாதது, அழுத்தம் போதாமல் பாதியில் செத்த ஸ்வரம், எல்லாம், துவைக்கப் போட்ட உள்பனியனை யாரோ விரித்துக் காட்டுகிற மாதிரி. அந்தப் பிட்டை ஆரம்பித்தேன், முதல் வரி போயிற்று, இரண்டாவது வரியில் விரலைக் கம்பியோடு மேலே வழுக்கிக்கொண்டு போய் ஒரு ஸ்வரத்தில் நிறுத்த வேண்டும், வழுக்கினேன், கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது, பசையில்லாத ஒரு சத்தம். மறுபடி. இப்போது தாண்டிப் போய்விட்டது. மறுபடி. விரல் நுனி எரிகிறது. எரிகிறதே என்று பார்க்கிறேன், கம்பி பதிந்து சிவந்து நீளக் கோடு, ஊறின அப்பளம் மாதிரித் தோல். இந்த இடது கை விரல் நுனிகள் ஒரு காலத்தில் கெட்டியாகக் காய்ப்பேறி இருந்தன, அடுப்பில் இருந்து இறக்கின டம்ளரை வெறும் விரலால் தூக்குவேன், என் மனைவி லீலா கழுத்தில் கை வைத்தால் சொரசொரன்னு இருக்கு எடுங்க என்று தட்டிவிடுவாள். போன வருஷம் ஒருநாள் அவளாகவே என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் உங்க கை மெத்துன்னு ஆயிருச்சு," என்று சந்தோஷமாகச் சொன்னாள். அப்போது நானும் சந்தோஷப்பட்டேன். இப்போது அதை நினைத்தால், எவனோ ஒருவனின் கையை அவள் கொஞ்சியிருக்கிறாள், அந்த ஒருவன் நான்தான்.

நான்கு பேர் நிற்கிறார்கள் கடையில், கீபோர்டு பார்க்க வந்த ஒரு தகப்பனும் மகளும், இன்னும் யாரோ, எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று முதுகு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வெற்றிலை மென்றுகொண்டு, வேட்டியைத் தொடைக்கு மேலே சுருட்டிக்கொண்டு, எங்கே வாசி பார்ப்போம் என்று. போன் தூக்குவார்கள். முன்னாடியே அறிவிப்பு வேறு, இப்போது நமது கிட்டார் கலைஞர் நேரடியாக வாசித்துக் காட்டுவார். அந்த இடத்தில் விரல் வழுக்கும், நிற்காது, வாய் தானாகக் கோணும், வாய் கோணுகிறதைத்தான் பிடிப்பார்கள், மூக்கைவிட வாய் நன்றாக இருக்கும் அவர்களுக்கு, மச்சினன் அதையும் அனுப்புவான். பயம் என்றால் நெஞ்சு படபடக்க வேண்டும் அல்லவா, எனக்கு அப்படி இல்லை, வாயில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, விழுங்க விழுங்க ஊறுகிறது, பஸ்ஸில் வாந்தி வருவதற்கு முன்னால் ஊறுமே அது. வீட்டில் உட்கார்ந்து பழகியிருக்கலாம். ஞாயிறு என்று சொல்லி இரண்டு வாரம் ஆயிற்று, கிட்டாரைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை, நாளைக்கு நாளைக்கு என்று பையைப் பார்த்துக்கொண்டே டிவி பார்த்தேன், ஏன் எடுக்கவில்லை என்பது இந்தச் சின்னப் பெட்டி முன்னால் நிற்கும்போது தெரிகிறது, எடுத்திருந்தால் இந்தச் சத்தம் அன்றைக்கே கேட்டிருக்கும். மறுபடி வழுக்கினேன். நிற்கவில்லை. அக்கா பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார்.

அவருக்குக் காது உண்டு. சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகப் பேசுவார், ஆனால் சுருதி அரை இழை விலகினால் கண்ணைச் சுருக்குவார், இப்போது சுருக்கியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "திரவியம், நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத. ஒண்ணு பண்ணலாம். இந்தத் தம்பி நல்லா வாசிக்கிறாருல்ல, அந்தப் பிட்ட மட்டும் இவர்ட்ட வாசிக்க வச்சு வாங்கிக்கிருவோம். லேப்டாப்ல ஏத்திருவோம். நீ பெரிய ஆம்ப பின்னாடி வச்சுக்கிட்டு முன்னாடி வந்து நின்னு, எப்பவும் போல. ஆம்ப் இருந்தா எவன் சந்தேகப்படுவான்?" என்றார். அவர் முகத்தில் கனிவு, நிஜமான கனிவு, ஜுரக்காரனுக்குக் கஞ்சி கொண்டுவந்த மாதிரி. அந்தக் கஞ்சியைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். நான் வாசிக்கிறேன்க்கா, நாலு நாள் இருக்கு, பழகிருவேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வந்து அந்த உமிழ்நீரோடு உள்ளே போய்விட்டது. "உங்க இஷ்டம்க்கா," என்றேன். "எது வாங்கட்டும்? நீதான் சொல்லணும், நீதான் வாசிக்கப் போற," என்று கேட்டார், கேலி இல்லாமல்தான் கேட்டார். "பெருசையே எடுத்துக்கலாம்," என்றேன். சொன்ன வாயை அந்த இடத்திலேயே கொப்பளிக்கத் தோன்றியது. ரியாஸிடம் விஷயத்தைச் சொன்னார் அக்கா, அவர் என்னைப் பார்த்துத் தயங்கி, "சாருக்கு ஓகேன்னா செஞ்சு தர்றேன் மேடம், ஆனா அந்தப் பிட்டு எனக்கு சரியாத் தெரியாது, சார் ஒரு தடவை காட்டிட்டாப் போதும்," என்றார். ஆம்பைத் தூக்க ஆள் பிடித்துக்கொண்டு, வேனைக் கடை வாசலுக்குக் கொண்டுவர அக்கா கீழே போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்குவது கேட்டது.

வயர் இன்னும் சின்னப் பெட்டியில்தான் இருந்தது. மாற்றத் தோன்றவில்லை, இனிமேல் என்ன. ரியாஸ் போனில் ரெகார்டை அழுத்தி ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். "முதல் வரி இது, இது ஈஸி," என்றேன், காட்டினேன். "இங்கதான் எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க, அவசரப்பட்டு மேல போயிருவாங்க. போகக்கூடாது. பாடுறவங்க மூச்சு எடுப்பாங்கல்ல, அந்த மூச்ச நாமளும் எடுக்கணும். எடுத்துட்டுப் போங்க," என்றேன், மூச்சை எடுத்தேன், விரல் வழுக்கிக்கொண்டு மேலே போய், நின்றது. நிற்க வேண்டிய இடத்தில், ஒரு மயிரிழை முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை. நின்று, அந்தச் சின்னப் பெட்டியில் இருந்து ஒரு சத்தம் வந்தது, கரகரப்போடு, எனக்குத் தெரிந்த சத்தம், அது என் சத்தம், அதற்குப் பிறகு கை தானாகவே மீதியையும் வாசித்துவிட்டது, இறங்கி, திரும்பி, பல்லவி சேருகிற இடம் வரைக்கும். வாசிக்கிறேன் என்ற நினைப்பே இல்லை, சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீபோர்டு பார்க்க வந்த அந்தப் பெண் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து என்னைக் காட்டினாள். ரியாஸ் நிமிர்ந்து பார்த்தார். "சார்," என்றார். "சார், இதுல நான் வாசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே சார். இது நீங்க வாசிக்க வேண்டியது. மேடம்கிட்ட இதைப் போட்டுக் காட்டுறேன், கேட்டா அவங்களே நீங்கதான் வாசிக்கணும்னு சொல்லிருவாங்க," என்று போனை எடுத்தார்.

சொல்லிவிடுவார். கேட்டால் நிச்சயம் சொல்லிவிடுவார், அக்காவுக்குக் காது உண்டு. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நிற்க வேண்டும், இந்தச் சின்னப் பெட்டியோடு, குமிழைத் திறந்துவைத்துக்கொண்டு, இன்றைக்கு நின்ற விரல் அன்றைக்கு நிற்குமா என்று யாருக்குத் தெரியும், நிற்கும் என்றும் தோன்றுகிறது, அதுதான் மோசம், முடியாதவனுக்கு ஒரு சாக்கு இருக்கிறது, எனக்கு இப்போது அதுவும் போய்விட்டது, நாலு நாள் உட்கார்ந்து பழகினால் முடியும், விரல் புண்ணாகும், காய்க்கும், முடியும். படியில் அக்காவின் சத்தம் ஏறி வருகிறது, பின்னால் ஆம்ப் தூக்க வருகிற ஆட்களின் சத்தமும். "அத அழிச்சிருங்க," என்றேன். "சார்?" "அந்த ரெகார்டிங்க. அழிச்சிருங்க தம்பி." அவர் என் முகத்தைப் பார்த்தார். நானே கையை நீட்டிப் போனை வாங்கி, கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு, குப்பைத்தொட்டிப் படத்தைத் தேடி அழுத்தினேன், நிச்சயமா என்று அது கேட்டது, அதற்கும் ஒரு அழுத்து அழுத்தினேன், விரல் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. அக்கா உள்ளே வந்தார், மூச்சு வாங்க. "என்னப்பா, தம்பிக்குச் சொல்லிக் குடுத்துட்டியா? பிடிச்சுக்கிட்டாரா?" ரியாஸ் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "ஒரு தடவதான்க்கா காட்டினேன், அப்படியே பிடிச்சுக்கிட்டாரு. என்னைவிட நல்லாவே வாசிக்கிறாரு." ரியாஸ் எழுந்து, என்னைப் பார்க்காமல், சின்னப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார்.